ஒருவர் மட்டும் பார்த்த பறவை

என் கணவர் கடைசியாகப் பார்த்த அபூர்வப் பறவையை நான் பார்க்கவில்லை. ஆகவே எங்கள் வழக்கப்படி அவரும் அதைப் பார்க்கவில்லை.

இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போய்ச் சேர்ந்த மனுஷனிடம் என்ன இத்தனை கறார் என்று தோன்றும் போல. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் கொஞ்சம் புரியலாம்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்தே தலை நரைத்தவள். சந்தேகமான ஸ்லைடு வந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். முதலில் பார்த்தவர் அடுத்தவரிடம் வாயைத் திறக்கக் கூடாது, முகத்தைக்கூடக் காட்டக் கூடாது. ஒருவர் மலேரியா என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கு ஸ்லைடில் படிந்த சாயக் கசடுகூட மலேரியாவாகத்தான் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை எங்கள் கூடத்துச் சுவரில் எழுதியே மாட்டலாம்.

அவர் இதற்கு நேர்மாறு. ஜிஎஸ்டி ரோட்டில் பெயின்ட் கடை. கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் வாய் ஓயாது. பாதி வயதுக்கு மேல் பறவைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது, கூடவே என்னையும் இழுத்துக்கொண்டார். பைனாகுலர் கண்ணுக்குப் போவதற்கு முன்பே பெயர் வாயிலிருந்து வந்துவிடும். “அதோ பாரு, கழுகு.” அது சாதாரணக் கரும்பருந்தாக இருக்கும். ஆனால் அவர் சொல்லி முடித்த அந்த நொடியில் எனக்கும் அது கழுகாகவே தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல். என் கண்ணை யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி.

ஒருநாள் சண்டை போட்டு எங்கள் கூடத்துச் சட்டத்தை அவருக்கும் போட்டேன். இருவரும் பார்க்க வேண்டும், பேசக் கூடாது. பார்த்து முடித்ததும் அவர் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவார். மூணு முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் அது பார்த்த பறவை. ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் அது கணக்கில் இல்லை. இருவரும் வேறு வேறு சொன்னால் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது, மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியால் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் கொசு எங்களைத் தின்று தீர்த்த சாயங்காலங்கள் உண்டு. அவர் முனகிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், ஆனால் ஒருநாளும் விதியை மீறியதில்லை. வியாபாரிக்கு அது பெரிய விஷயம்.

அதிகம் சண்டை வந்தது மார்ட்டின்களால்தான். தகைவிலான் குருவி எல்லோருக்கும் தெரியும், மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, வால் இரண்டாகப் பிளந்து. மார்ட்டின்கள் அதன் பங்காளிகள். வால் பிளவு பெரிதாக இருக்காது, பளபளப்பும் கிடையாது, மண் நிறம். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே அச்சு. ஓரிடத்தில் நிற்கவும் நிற்காது. ஏரிக்கரை மண்ணில் பொந்து போடுகிற பிளெயின் மார்ட்டினை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிடலாம், வயிறு வெள்ளையாக இருக்கும், வாலில் புள்ளி கிடையாது. பாறைகளிலும் கட்டடங்களிலும் மண்கிண்ணம் கட்டுகிற டஸ்கி மார்ட்டின் வேறு. மேலே எந்தக் கறுப்புப் பழுப்போ கிட்டத்தட்ட அதே நிறம்தான் கீழேயும். சட்டென்று திரும்பும்போது வால் விசிறியாக விரியும், அப்போது மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நேராகப் பறக்கையில் இல்லவே இல்லாத மாதிரி இருக்கும். “பழைய அடுப்படிக் கதவு பிரவுன்,” என்பார் அவர். எந்தப் பறவையையும் அவர் கடையின் கலர் ஷேட் கார்டில்தான் வைத்துப் பார்ப்பார்.

டஸ்கிக்கு வெளிநாட்டு அண்ணன் ஒன்று உண்டு. யூரேசியன் கிராக் மார்ட்டின். அதற்கும் அதே வால் புள்ளி, அதே பாறை ஆசை. கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வித்தியாசம் அடிப்பக்கத்தில்: தொண்டையும் மார்பும் வெளுத்திருக்கும், இறக்கையின் அடியில் முன்பக்கம் மட்டும் கறுத்திருக்கும். குளிர்காலத்தில் மேற்கே மலைகளுக்கு வரும். எங்கள் பக்கம் வந்தால் அத்தி பூத்த கதை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. டஸ்கி எங்கே பறந்தாலும், “இதுல ஒண்ணாவது யூரேசியனா இருக்காதா” என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்.

வண்டலூர் தாண்டிக் காட்டை ஒட்டினாற்போல ஒரு கைவிட்ட கல்குவாரி இருக்கிறது. மலையைப் பாதி தின்றுவிட்டுப் போட்டுவிட்டுப் போன இடம். கிழக்கே செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர், அதன் அடியில் ஆழம் தெரியாத தண்ணீர். டஸ்கிகள் அந்தச் சுவரில்தான் கூடு கட்டும். நாங்கள் மேற்குக் கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே ஒரு தட்டையான பாறையில் உட்காருவோம். அங்கே ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பழக்கமாகிவிட்டார், எங்கள் வயதுக்காரர். முதல்நாளே எச்சரித்தார்: “கீழ எறங்காதீங்க சார். இந்தத் தண்ணி ஆளைக் கேக்கும்.” என் கணவர் சிரித்துக்கொண்டே, “என்னைக் கேட்டா, வீட்ல கேட்டுக்கோன்னு சொல்லிடுவேன்,” என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். சாயங்காலம் அவர் ஒதுங்கப் போனார். மேல்பாறையிலிருந்து சீமைக் கருவேலம் புதருக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் தண்ணீரை ஒட்டி ஒரு கீழ்த் திட்டு இருக்கிறது. நான் மேலே பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூச்சிரைக்க ஓடி வந்தார். ஜிப் கூடச் சரியாகப் போடவில்லை.

“பார்த்தேன். யூரேசியன். அடிப்பக்கம் கிரீம் கலரு, இறக்கைக்குக் கீழ கறுப்பு. தலைக்கு மேலேயே போச்சு.”

“பேரைச் சொல்லிட்டீங்களே,” என்றேன். “இனிமே நான் எதைப் பார்த்தாலும் செல்லாது.”

“அட, முதல்ல பாரு.”

பார்த்தேன். சுவர் நெடுக டஸ்கிகள்தான். ஒவ்வொன்றாக, பொழுது சாயும் வரை பார்த்தேன். அடுப்படிக் கதவு பிரவுன் தவிர வேறெதுவும் இல்லை. இருட்டியதும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பெருங்களத்தூர் சிக்னலில் நிற்கும்போது, “என் கண்ணு பொய்யா சொல்லும்?” என்று கேட்டார். “கண்ணு சொல்லாது, ரூல் ரூல்தான்,” என்றேன். “சரி, அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம். அது வந்த இடத்துக்குத்தான் மறுபடி வரும்,” என்றார். அந்தப் பறவையை அவர் எங்கேயும் பதிவு செய்யவில்லை. பறவைக்காரர்கள் யாரிடமும் சொல்லவுமில்லை.

அடுத்த குளிர்காலம் அவருக்கு வரவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீடு ஒன்றும் பெரிதாக மாறவில்லை. கடையை வாடகைக்கு விட்டோம், சட்டைகளைக் கொடுத்தோம். அவருடைய பைனாகுலரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அவருக்கு வலது கண் பார்வை மட்டு. அந்தக் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வலது பக்கத்து வளையத்தைத் திருப்பி வைத்திருந்தார். நான் அதில் பார்த்தால் ஒரு பக்கம் தெளிவாகவும் ஒரு பக்கம் புகையாகவும் தெரியும். வளையத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். திருப்பினால் அவர் பார்வை போய்விடும். மகள் துடைத்து வைக்கிறேன் என்று எடுத்தபோது பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன்.

பயமெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கையில்தான். பரிசோதனைக் கூடத்து மொட்டைமாடியில் சாப்பிடும்போது ஏதாவது பறவை போனால் மனம் தானாக எண்ணத் தொடங்கிவிடும். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவர் குரலில்தான் எண்ணும். மூணு முடிந்ததும் நான் பெயரைச் சொல்வேன். பக்கத்தில் ஒன்றும் கேட்காது. இத்தனை வருஷமாக என் குரலோடு இன்னொரு குரல் இடிக்கும், அது இல்லாமல் என் குரல் மட்டும் தனியாகப் போய் விழுவது காதுக்கு அசிங்கமாக இருக்கும். பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் ஏதாவது தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனால் நிம்மதி.

அந்தக் குளிர்காலம் வந்ததும் குவாரிக்குப் போனேன். எனக்கு ஒரே ஒரு காரியம்தான். அவர் பார்த்த பறவையை நானும் பார்க்க வேண்டும். இரண்டாவது கண்ணாக நான் பார்த்துவிட்டால் அது கணக்கில் வந்துவிடும், அவர் வெறுங்கையோடு போகவில்லை என்றாகிவிடும். வழக்கமான மேல்பாறையில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன், பக்கத்தில் அவருக்கு இடம் விட்டு. அது பழக்கம்.

ஆட்டுக்காரர் வந்தார். “இன்னாக்கா, ரெண்டு பேரும் சண்டையா?” என்றார். “சார் அந்தாண்ட நின்னுகினு கீறாரு, நீ இந்தாண்ட குந்திகினு கீற?”

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். தண்ணீருக்கு அந்தப்புறம், வடக்கு விளிம்பில், வெளிறிய துணித்தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இடது காலில் பாரம், வலது முழங்கால் லேசாக மடங்கி. கைகள் முகத்தருகே. என் கணவர் அப்படித்தான் நிற்பார்.

இல்லை என்று எனக்குத் தெரியும். கொள்ளி வைத்ததைப் பார்த்தவள் நான். ஆனாலும் என் பைனாகுலரைத் தூக்கினேன். ஒருவழியாகக் கண்ணில் வைத்தேன். தொப்பி அதே தொப்பி. தோள் அதே சரிவு. உயரம் சரியாக இருந்தது, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பின்பு அந்த ஆள் திரும்பினார். தாடி வைத்த இளைஞர், முகத்தருகே தூண்டில் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று அழுகை அழுகையாக வந்தது.

ஆட்டுக்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த மனிதர் ஒருவருக்காவது அவர் இன்னும் அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தார், அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. “ஆமாப்பா, கொஞ்சம் கோவம்,” என்றேன். “நான் போயி கூட்டியாரட்டா?” என்று கேட்டார். “வேணாம், தானா வருவாரு,” என்றேன். அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் ஆட்டுக்காரர் கேட்பார், சார் அந்தாண்டயா என்று. நானும் ஆமாம் என்பேன். கேட்கக் கேட்க, நானும் எண்ணிக்கை முடிந்ததும் அந்தக் கரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷமும் டஸ்கிதான், அடுத்த வருஷமும் டஸ்கிதான். கோவிலம்பாக்கத்தில் இருக்கிற மகளுக்கு என்னைப் பற்றிக் கவலை. “நீ அங்க தனியா போய் உட்கார்றது நல்லால்லம்மா. சும்மா, நானும் பார்த்தேன்னு பதிவு போட்டுடேன். யாரு வந்து கேக்கப் போறா? அப்பாவுக்காகப் போட்டதா இருக்கட்டும்.”

“அப்பாவுக்காகத்தான் போடலை,” என்றேன். பொய் ரிப்போர்ட் எழுதுவது பெரிய கஷ்டமில்லை, கை ஒரு நிமிஷத்தில் எழுதிவிடும். ஆனால் அந்த மனுஷன் எங்கேயும் பதிவு செய்யாமல், பறவைக்காரர்கள் யாரிடமும் வாயைத் திறக்காமல் அந்த விதியைக் காப்பாற்றினார். அவர் காப்பாற்றியதை நான் அவருக்காகவே உடைத்தால் அப்புறம் எங்களுக்குள் என்ன மிச்சம்?

இந்தத் தையில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

காலை ஷிப்ட் முடித்து நேராகக் குவாரிக்குப் போனேன். வெளியில் போகிற பெண்கள் எல்லோரையும் போல நானும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிப் பழகியவள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அங்கே நான் ஒதுங்கியதில்லை. அன்றைக்கு முடியவில்லை, வயதாகிறது. ஆட்டுக்காரர் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கருவேலம் புதரைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன், கீழ்த் திட்டுக்கு. முள் புடவையைக் கிழித்தது, நன்றாகத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது அது தலைக்கு மேல் போயிற்று.

கீழிருந்து பார்த்தேன். தொண்டை, மார்பு, வயிறு எல்லாம் பாலில் தேயிலை தெளித்த நிறம். இறக்கையின் அடியில் முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் வெளிச்சம் ஊடுருவிய வெளுப்பு. புத்தகத்தில் போட்டிருப்பது போல் அப்படியே. பைனாகுலரை வைத்தேன், பிடித்துவிட்டேன். கிட்டத்தில் பறந்ததால் பெரிதாகவும் தெரிந்தது. மூச்சிரைக்க அவர் ஓடி வந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம். அவர் கடைசியாகப் பட்ட பெரிய சந்தோஷம் அதுவாகத்தான் இருந்திருக்கும், அதை நான் அதே இடத்தில் நின்று பட்டேன். ஒண்ணு, என்று எண்ணினேன். ரெண்டு.

மூணு வரவில்லை. பழக்க தோஷம், இன்னொரு முறை பார் என்று கண் பிடிவாதம் பிடித்தது. பறவை சுவரின் நிழல் பக்கம் ஒரு வீச்சு போனது. போனதும் கறுத்துவிட்டது. அடுப்படிக் கதவு. மறுபடி திரும்பி என் தலைக்கு மேல் வந்தது, வெளுத்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதுவும் வெளுத்தது. இன்னும் ஒன்று. குவாரியில் இருந்த டஸ்கிகள் எல்லாம் அந்த ஒரு இடத்தைக் கடக்கும்போது யூரேசியனாகி, கடந்ததும் மறுபடி டஸ்கி ஆகிக்கொண்டிருந்தன.

எதிரே பாறைச் சுவரில் வெளிச்சம் வலைவலையாக ஆடிக்கொண்டிருந்தது. மேற்கே இறங்கும் வெயில் தண்ணீரில் பட்டு மேலே எழும்பி, அந்த நேரத்தில், அந்தத் திட்டுக்கு நேராக வருகிற பறவைகளின் வயிற்றுக்கெல்லாம் ஒரு கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தது. மேல்பாறையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியாது. கீழே வந்தவருக்குத்தான் தெரியும்.

கடையில் அவர் வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்கிற வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. “ட்யூப்லைட்ல பார்த்துக் கலர் எடுக்காதீங்க. வாசல்ல வந்து பாருங்க, சுவத்துல பாருங்க. வெளிச்சம் மாறினா கலரு ஏமாத்தும்.” ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் தானே ஏமாந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுதேன். அன்றைக்குச் சிக்னலில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. கண் பொய் சொல்லவில்லை, வெளிச்சம்தான் சொன்னது. அதைச் சொல்ல ஆள் இல்லை. எத்தனை குளிர்காலம் அவருக்காக அதைத் தேடினேன், கடைசியில் அவரிடமிருந்து அதைப் பிடுங்குகிற வேலைதானா எனக்கு என்று இருந்தது.

“மூணு,” என்றேன் சத்தமாக. “டஸ்கி.”

சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. டஸ்கி. என் குரல்தான், அது கணக்கில் வராது.

பிறகு அந்த அமைதி வந்தது. இத்தனை நாளும் ஒன்றுமில்லாமல் கிடந்த அமைதி அன்றைக்கு அப்படி இருக்கவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. இந்தத் தண்ணீர், இந்த வெயில் என்று எவ்வளவு விளக்கினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். கிரீம் கலரைக் கண்ணால் பார்த்தேன், யூரேசியன்தான் என்பார். அவர் சொல்வது எனக்கு அப்படியே கேட்டது, வடக்குக் கரையிலிருந்து.

பையில் அவருடைய பைனாகுலர் இருந்தது. எப்போதும் எடுத்துப் போவேன், ஆனால் அங்கே ஒருநாளும் அதில் பார்த்ததில்லை. எடுத்து வளையத்தைத் தொடாமல் கண்ணில் வைத்தேன். ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் புகை. அதற்குள் ஒரு பறவை வந்து வெளுத்துக் கறுத்துப் போயிற்று.

வெயில் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டது. மேலே ஆட்டுக்காரர் ஆடுகளை ஒன்றுசேர்க்கும் சத்தம் கேட்டது. கருவேலத்துக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தவர் பதறினார்.

“யக்கா, இன்னா அங்க எறங்கிட்ட? இருட்டிகினு வருது. மேல வா. சாரையும் கூப்புடு, போலாம்.”

“நீ போப்பா,” என்றேன். “நாங்க ரெண்டு பேரும் வேற வேற சொல்லிட்டோம். இன்னும் கிளம்ப முடியாது.”